புது மெத்தையின் பொலித்தீன்

'பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது' என்று சொல்லிவைத்த மகராசன் யாரோ, அவன் திருகோணமலை வெயிலில், பட்டப்பகலில், பொலித்தீன் கழற்றாத மெத்தையில் படுத்துப் பார்த்திருக்க மாட்டான். நிக்கலஸ் எட்டு மாதமாகப் படுக்கிறார். அவரைக் கேட்டால் சொல்லுவார்.

நிக்கலஸுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. பெரிய கப்பல்களை உள்ளே இழுத்துவரும் படகில் சுக்கான் பிடிப்பவர். காலை ஏழு மணிக்கு வந்து, பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டுச் சரிந்தால், முன்பெல்லாம் இடி விழுந்தாலும் எழும்பமாட்டார். அது பழைய பஞ்சு மெத்தைக் காலம். மகள் றொஷானி இத்தாலிக்குப் போய் நாலு வருடம். அங்கே ஒரு வயதான சீமாட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலை. அப்பாவுக்கு முதுகு நோகிறது என்று கேள்விப்பட்டு, நல்ல மெத்தை வாங்கச் சொன்னவள் அவள்தான். மெத்தை வந்து இறங்கியது. பொலித்தீனைக் கழற்றப்போன கடைக்காரனின் கையை மனைவி எல்சி தட்டிவிட்டாள்.

"விடு தம்பி. என்ர பிள்ளை நத்தாருக்கு வரும். வரேக்க புதுசா இருக்கோணும்."

அந்த நத்தார்ப் பண்டிகை வந்தது, போனது, பிள்ளை வரவில்லை. அடுத்த நத்தாருக்கு என்று பொலித்தீன் அப்படியே கிடந்தது.

புரண்டால் கறமுறவென்று கத்தும். முதுகில் வேர்வை குளம் கட்டும். மேலே போட்ட விரிப்பு வழுக்கிக் காலடிக்குப் போய்விடும். கண் மூடுவதும் முழிப்பதுமாக ஒரு நித்திரை. அதை நித்திரை என்று சொல்ல வாய் கூசும். கிணற்றின் அடியைத் தொட்டுவிட்டு மேலே வருவது போன்ற அந்தப் பழைய நித்திரைக்கு நிக்கலஸ் ஏங்கினார். கலியாணத்துக்கு முன் எல்சிக்கு ஏங்கியதைவிடக் கூடவே ஏங்கினார். இதை எல்சியிடம் சொல்லிவிடாதீர்கள்.

கிழித்து எறிந்தால் என்ன என்று கேட்பீர்கள். மூன்று தரம் சவர பிளேட்டை எடுத்தார், மூன்று தரமும் திருப்பி வைத்தார். அந்தப் பொலித்தீன் இருக்கும்வரை மகள் வந்துகொண்டிருக்கிறாள். கிழித்தால், வரமாட்டாள் என்று தகப்பனே சொன்னதாகிவிடும். எல்சி அதைத் தாங்கமாட்டாள். சத்தியமாக அவரும் தாங்கமாட்டார்.

கடல் இதையெல்லாம் பார்க்குமா? அன்று விடியப்பறம், சுக்கானைப் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். படகு தன்பாட்டுக்குக் கப்பலின் வயிற்றை நோக்கிப் போனது. இயந்திரம் பார்க்கும் சரீப் பாய்ந்து வந்து திருப்பியதால் உயிர் தப்பினார்கள்.

"அண்ணன், இந்த முறை நான் வாய் திறக்கல்ல," என்றான் சரீப். "இன்னொருக்கா நடந்தா மேல சொல்லாம இருக்க ஏலாது. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு."

வீட்டுக்கு வந்தவர் பாணைத் தொடவில்லை. இரவு வேலைக்குள் நித்திரை கொண்டேயாக வேண்டும் என்று போய் விழுந்தார். கறமுற. அந்த நேரம் பார்த்து மகள் போனில் வந்தாள். எல்சி போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து கட்டில் ஓரத்தில் இருந்தாள். மறுபடி கறமுற.

"அது என்னம்மா சத்தம்? ஐயோ, இன்னும் பொலித்தீன் கழட்டேல்லையா?"

"நீ வரேக்க புதுசா..."

போன் திரையில் றொஷானி முகத்தைத் துடைத்தாள். "அம்மா, இந்த நத்தாருக்கும் வர ஏலாது. விசா அலுவல் முடியேல்ல. எப்ப முடியுமெண்டும் தெரியாது. சொல்லப் பயந்து ஒரு மாசமா மறைச்சு வைச்சிருந்தனான்."

"ஓம் பிள்ளை," என்றாள் எல்சி. "ஓம், ஓம்."

போன் அணைந்த பிறகும் அவள் அப்படியே இருந்தாள். இனியும் மறைத்தால் பாவம் என்று நிக்கலஸுக்குப் பட்டது.

"இஞ்சேர் எல்சி. இந்தப் பொலித்தீனில நித்திரை வராமத்தான் விடியப்பறம் சுக்கானில நித்திரையாப் போனனான். சரீப் இல்லாட்டி இண்டைக்கு என்னைப் பெட்டியிலதான் கொண்டந்திருப்பினம்."

"யேசுவே! எட்டு மாசமா ஏனப்பா ஒரு சொல்லுச் சொல்லேல்ல?"

"எப்பிடிச் சொல்லுறது? எனக்கும் அவள் வரோணுமெண்டு ஆசை இல்லையா?"

எல்சி எழும்பிப் போய் பிளேட்டை எடுத்து வந்தாள். கோபத்தில் தாறுமாறாகக் கிழிக்கப்போகிறாள் என்று நினைத்தார். இல்லை. தையல் பிரிப்பது போல ஓரத்தை மட்டும் மெல்லக் கீறி, தலையணை உறையைக் கழற்றுவது போல முழுசாக உருவி எடுத்தாள். பழைய பருத்திச் சேலையொன்றை விரித்தாள்.

"படுங்கோ," என்றாள்.

படுத்தார். சத்தமில்லை. ஒருதரம் புரண்டது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு ஒன்றுமே ஞாபகமில்லை. கண் திறந்தபோது வெயில் கிழக்குச் சுவரில் ஏறியிருந்தது, தலையணையில் வாயோரம் வடிந்த வாணீர் காய்ந்திருந்தது. பக்கத்தில் எல்சியும் அழுத கண் வீங்கிக் கிடந்தாள். வேலைக்குப் போட சேட்டு எடுக்க அலுமாரியைத் திறந்தார். றொஷானியின் சட்டைகள் இருக்கும் தட்டில் அந்தப் பொலித்தீன், துடைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒட்டுகிற டேப் ஒரு சுருள்.

"வெளியில போட்டா மான் வந்து தின்னுமப்பா," என்றாள் எல்சி, கண்ணைத் திறக்காமலே.

உண்மைதான், திருகோணமலைத் தெருவில் திரிகிற மான்கள் பொலித்தீனைத் தின்னும். ஆனால் அன்று குப்பை வண்டி வருகிற நாள். நிக்கலஸ் அதைச் சொல்லவில்லை.

"ஓம், மான் பாவம்," என்று சொல்லி, சேட்டை எடுத்துக்கொண்டு அலுமாரியை மெல்லச் சாத்தினார்.