ஆள்காட்டிக்குப் போட்ட வேலி

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி எல்லாருக்கும் அவள் ஸ்பீக்கர். வாயைத் திறந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அம்மா நர்ஸ், இரவு டியூட்டி முடிந்து வந்து பகலில் தூங்குகிறவள். அப்படிப்பட்டவளுக்கு இப்படியொரு மகள் வாய்த்தது யார் செய்த குறும்போ தெரியவில்லை.

குடியிருப்புகளுக்குப் பின்னால் இருக்கும் குளமும் புதர்க்காடும் பறவைகளுக்கென்று ஒதுக்கிய இடம். சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே போய்க் குப்பை பொறுக்குவார்கள், களைக்கொடி பிடுங்குவார்கள், பாதையோரக் கற்களுக்கு வெள்ளையடிப்பார்கள். அங்கே காவலுக்கு இருக்கும் அக்கா முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "முட்டையைப் பாத்தா, பாக்காத மாதிரி வந்துடணும்."

ஸ்பீக்கர் பார்த்துவிட்டாள். பாதையை ஒட்டிய சரளைத் தரையில், கூடு என்று சொல்லக்கூட முடியாத ஒரு சின்னக் குழியில், ஆள்காட்டிக் குருவியின் முட்டைகள் கல்லோடு கல்லாகக் கிடந்தன. நடக்க வருகிறவர்கள் யாராவது மிதித்துவிட்டால்? பாக்காத மாதிரி வருவதற்கு அவள் என்ன கல்நெஞ்சுக்காரியா? வெள்ளையடித்துக் காயவைத்திருந்த கற்களைத் தூக்கி வந்து முட்டைகளைச் சுற்றி வட்டமாக அடுக்கினாள். தள்ளி நின்று அழகு பார்த்தாள். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

குருவிக்குத்தான் பிடிக்கவில்லை. கத்திக்கொண்டே தலைக்கு மேல் சுற்றியது. இறங்கியது. பளீரென்ற வெள்ளையைப் பார்த்ததும் மறுபடி பறந்தது. வெயிலோ ஏறிக்கொண்டே போனது.

"அது ஏன் உக்கார மாட்டேங்குது?" என்றாள், ஊருக்கே கேட்கும்படி.

"அம்மா தாயே, மெதுவா!" என்றான் வகுப்புத் தோழன் டாக்டர். எதைத் தொட்டாலும் ஓடிப்போய்க் கை கழுவுவதால் கிடைத்த பட்டம் அது. அவன் கற்களையும் குருவியையும் மாறி மாறிப் பார்த்தான். "நீ வெளிய போயிட்டு வர்றதுக்குள்ள உன் வீட்டைச் சுத்தி எவனோ மதில் கட்டிட்டான்னு வையி. நீ உள்ள போவியா?"

அவளுக்கு முகம் செத்துவிட்டது. காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று முட்டைகளை வெயிலில் வேகவைத்துக்கொண்டிருக்கிறாள்! அக்காவுக்குப் போன் போட்டார்கள், எடுக்கவில்லை.

"நான்தானே வச்சேன், நானே எடுத்துடறேன்" என்று குனிந்து ஓடினாள். குருவி அவள் உச்சந்தலையை உரசிக்கொண்டு பாய்ந்தது. "மன்னிச்சுக்கோ, மன்னிச்சுக்கோ" என்று முணுமுணுத்தபடியே ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கிக்கொண்டு, பாதை திரும்பும் வளைவுக்கு வந்து சேர்ந்தாள்.

அங்கே ஒரு மாமா கையிலிருந்த போனில் பாட்டை அலறவிட்டபடி நடந்து வந்தார். 'நில்லுங்க!' என்று கத்த வாயெடுத்தவள், அப்படியே விழுங்கினாள். பாதையை மறித்து நின்று கும்பிட்டாள், உதட்டில் விரல் வைத்தாள், வானத்தைக் காட்டினாள். என்ன புரிந்ததோ, மாமா பாட்டை நிறுத்திவிட்டு, வந்த வழியே பூனை நடை போட்டுத் திரும்பிப்போனார்.

அவளும் டாக்டரும் புதருக்குப் பின்னால் பதுங்கினார்கள். குருவி இறங்கியது. ரெண்டு எட்டு வைத்தது, நின்றது, அங்குமிங்கும் பார்த்தது. பிறகு வயிற்று இறகை விரித்து, உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, முட்டைகள் மேல் உட்கார்ந்தது. அவள் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. கைதட்டக் கையைத் தூக்கிய டாக்டர், சத்தம் வருமே என்று இறக்கிக்கொண்டான்.

அப்புறம் அக்கா திருப்பிக் கூப்பிட்டார். நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். பாதையை வளைவிலேயே கயிறு கட்டி மூட ஆள் வந்தது.

ஸ்பீக்கர் வீட்டுக்கு ஓடினாள். வாசலிலேயே 'அம்மா!' என்று வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டாள். செருப்பைக் கையில் பிடித்தபடி உள்ளே போனாள். திரை போட்ட அறையில், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். இந்த முகத்தை எத்தனை தடவை எழுப்பித் தொலைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள். கட்டிலோரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில், கண்ணைத் திறக்காமலே அம்மா கேட்டாள்: "என்னடி, வீடு இவ்ளோ அமைதியா இருக்கு? உடம்பு சரியில்லையா?" கை துழாவி வந்து மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

"ஒண்ணுமில்லம்மா. நீ தூங்கு" என்றாள், அம்மாவுக்கு மட்டும் கேட்கும் குரலில்.

அம்மா அப்படியே தூங்கிப்போனாள். நெற்றியில் இருந்த கை நழுவிவிடக் கூடாதே என்று ஸ்பீக்கர் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.