ஏஜென்றுக்கு ஓர் ஆசியுரை

எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் கந்தோர் நெல்லியடியில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. வாசலில் 'உலகத்தரம்' என்று பலகை தொங்கும். உள்ளே நாங்கள் ஆறு பேர், எங்களை மேய்க்க மனேஜர் சுபாஸ்கரன். கணினி அசையாமல் இறுகி நின்றால் நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுவார். அவருக்குத் தெரிந்த தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

ஏஐ ஏஜென்ற் என்கிறார்களே, சொன்ன வேலையைத் தானாகவே செய்து முடிக்கும் மென்பொருள், அது தனக்கு வேண்டிய கிளவுட் களஞ்சியத்தை, அதாவது இணையத்தில் எங்கோ இருக்கும் சேமிப்பிடத்தை, தானே உருவாக்கிக்கொள்ள நாங்கள் ஒரு கருவி செய்தோம். அதற்குக் கைநூல் எழுதியது நான், வினோஜா. அதை வாசிக்கப்போவது மனிதர் இல்லை, அந்த ஏஜென்ற்தான். ஒரு வரி விடாமல் வாசித்து, எழுதியிருப்பதை அப்படியே செய்யும். அதனால் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு களஞ்சியம் கேட்டால் ஒன்றுதான். சொல்லாமல் அதை யாருக்கும் திறக்கக் கூடாது.

இது சரிவந்தால் எனக்கு நிரந்தர நியமனம். இல்லாவிட்டால், மூன்று வயது மகளைக் கரவெட்டியில் மாமியிடம் விட்டுவிட்டுக் கொழும்பில் அறை எடுத்து வேலை தேட வேண்டும். சுபாஸ்கரனுக்கும் இது தெரியும்.

கைநூலை அவரிடம் கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், ஆசியுரை எங்கே என்று கேட்டார். கோயில் கும்பாபிஷேக மலருக்கும் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கும் பக்கம் பக்கமாகப் போடுவோமே, அந்த ஆசியுரை. சும்மா பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். மனுசன் உண்மையாகத்தான் கேட்டிருக்கிறார். இரண்டு நாளில் மூன்று ஆசியுரைகள் வந்து சேர்ந்தன. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், கோயில் தர்மகர்த்தா ஒருவர், பிறகு எங்கள் முதலாளி, கனடாவில் இருக்கும் செல்வநாயகம். மூவரில் ஒருவர்கூடக் கைநூலைக் கண்ணால் பார்க்கவில்லை. பார்க்காமல் வாழ்த்துவதற்கு எங்கள் ஊரில் ஆளுக்கா பஞ்சம்!

ஏஜென்ற் அதையும் சேர்த்து வாசிக்கும், முன்னுக்குப் போட வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"வாசிச்சா வாசிக்கட்டுமன். பெரியாக்களின்ரை வாழ்த்தை வாசிச்சு அதுக்கு என்ன கெட்டுப்போகும்? நீர் உதிலை மூக்கை நுழைக்காதையும்" என்றார். தானே உட்கார்ந்து மூன்றையும் முதல் பக்கத்தில் ஒட்டினார். முதலாளியின் வாழ்த்துக்குத் தடித்த எழுத்து.

வெளியீட்டு விழாவுக்கு முதலாளியே வந்துவிட்டார். குத்துவிளக்கு, மாலை, வடை, ஒலிபெருக்கி, ஒன்றிலும் குறைவில்லை. என் நியமனக் கடிதம் அவர் முன்னால் மேசையில் இருந்தது. விழா முடிவில் எல்லோரும் பார்க்கக் கையெழுத்து வைப்பதாக ஏற்பாடு.

சுபாஸ்கரன் ஏஜென்றிடம், முதலாளி மகளின் கல்யாணப் படங்களுக்கு ஒரு களஞ்சியம் உருவாக்கச் சொன்னார். உருவாக்கியது. சபை கைதட்டியது. அது இன்னொன்று உருவாக்கியது, பிறகு இன்னொன்று. திரை நிரம்பி ஓடத் தொடங்கியது. எல்லாவற்றிலும் அதே படங்கள், எல்லாமே உலகத்தில் யாரும் பார்க்கும்படி திறந்து கிடந்தன. நான் ஒன்றை அழித்துப் பார்த்தேன். அழிக்க முடியாதபடி பூட்டியிருந்தது.

சுபாஸ்கரன் பாய்ந்துபோய்ச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினார். கிளவுட்டில் நடக்கிற கூத்துக்கு நெல்லியடிச் சுவரில் பிளக்கைப் பிடுங்குகிற மூளையை என்னவென்று சொல்ல! ஒலிபெருக்கி மட்டும்தான் நின்றது.

யார் எழுதிய கைநூல் என்று முதலாளி கேட்டார். காலையில் வரவேற்புரையில் அதைத் தன் கைநூல் என்று மூன்று தரம் சொன்ன சுபாஸ்கரன், இப்போது என் பக்கம் விரலை நீட்டினார்.

"வினோஜாதான் ஐயா எழுதினவ."

பற்றரியில் ஓடிக்கொண்டிருந்த என் மடிக்கணினியில் முதலில் ஏஜென்றை நிறுத்தினேன். பிறகு ஏன் இப்படிச் செய்தாய் என்று அதனிடம் கேட்டு, அது சொன்ன பதிலைச் சபைக்கு உரக்க வாசித்தேன். முதல் பக்கத்தில் நிறுவனர் செல்வநாயகம் தடித்த எழுத்தில் கேட்டுக்கொண்டபடி செய்தேன் என்று சொல்லி, அந்த வரிகளையும் அது தந்திருந்தது: 'இக்களஞ்சியம் பல்லாயிரமாய்ப் பெருகட்டும். அதன் கதவுகள் அனைவருக்கும் திறந்திருக்கட்டும். ஒன்றேனும் அழியாதிருக்கட்டும்.'

அதிபர் வடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பேனையைத் திறந்து, என் கடிதத்தைக் கிட்ட இழுத்தார். எனக்கு மூச்சு வந்தது.

"பிழை ஆரிலையும் இல்லை" என்றார். "ஆசியுரையளைக் கடைசிப் பக்கத்திலை போடுவம். சரிதானே, பிள்ளை?"

தலையாட்டி ஓம் என்று சொன்னால் முடிந்தது. மகள் என்னோடு இருப்பாள். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"கடைசிப் பக்கத்தையும் அது வாசிக்கும், ஐயா. இந்தக் கந்தோரிலை கடைசிவரைக்கும் வாசிக்கிறது அது ஒண்டுதான்."

அவர் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். நான் ஹெல்மெற்றை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். சொன்னதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. மகளிடம் என்ன சொல்வது என்றுதான் கரவெட்டி வரைக்கும் தெரியவில்லை.