மாமனுக்குள்ள உரிமை

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போடியில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு மனித உரிமைக் கல்விப் பயிற்சி நடந்தது. மைக் செட்டும் புரொஜக்டரும் என் பொறுப்பு. மாதிரி வகுப்புக்காகப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை முன்னால் உட்கார்த்தியிருந்தார்கள். பாடம் எடுத்தவர் பாண்டீஸ்வரி, அந்தப் பிள்ளைகளின் சமூக அறிவியல் டீச்சர். கரும்பலகையில் 'உரிமை' என்று எழுதிவிட்டுக் கேட்டார்:

"ஒனக்கு என்ன உரிமை இருக்கு, ரோஜா?"

"எனக்கு இல்ல டீச்சர். எங்க மாமாவுக்குத்தான் எம்மேல உரிமை இருக்கு. பரீட்சை முடிஞ்சதும் கல்யாணம்."*

அரங்கமே சிரித்தது. பயிற்சியாளர் சிவக்குமாரும் சிரித்தார். "அது வேற உரிமைம்மா" என்று சொல்லி அடுத்த படத்தைப் போடச் சொன்னார். நான் போட்டேன்.

(* எங்கள் பக்கத்தில் உரிமை என்றால் முதலில் இதுதான். அக்காள் மகளைக் கட்டும் உரிமை தாய்மாமனுக்கு. மற்ற உரிமைகள் பாடப் புத்தகத்தில் பிறகு வருகின்றன.)

2

தொடக்கத்தை வேறு மாதிரியும் எழுதிப் பார்த்தேன்.

'போடிமெட்டு மலையிலிருந்து பனி இறங்கிய அந்தக் காலையில், லட்சியமே உருவான ஓர் ஆசிரியை

(நிறுத்திவிட்டேன். பனி இல்லை, புழுக்கம். டீச்சர் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் வந்தார்.)

'ஈவிரக்கமற்ற பயிற்சியாளர் சிவக்குமார்

(இதுவும் பொய். டீ இடைவேளையில் அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. "உரிமைங்கிறதுக்கு வேற வார்த்தை போட்டிருக்கலாமோ?" என்று என்னிடம் கேட்டார். மைக் செட்காரனிடம் கேட்கும் அளவுக்கு அவருக்கு வேறு ஆள் இல்லை.)

3

பாண்டீஸ்வரிக்கு ஆட்கள் இருந்தார்கள். எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொன்னார்கள்.

"மாமன் மச்சான் சமாச்சாரம் டீச்சர். நமக்கெதுக்கு ஊர்ச் சோலி?" என்றார் கணக்கு வாத்தியார் முனியசாமி.

"நாமதான சார் காலைல இருந்து அடுத்தவன் உரிமை, அடுத்தவன் உரிமைன்னு படிச்சோம்?"

"அது பயிற்சிக்கு."

பாண்டீஸ்வரி எழுந்துகொண்டார். டம்ளரை வைத்துவிட்டு சிவக்குமாரிடம் போய், "சார், என் வகுப்பு முடியல" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, படம் வேணாம். அணைச்சிருங்க" என்றார்.

பலகையில் அந்த வார்த்தை அப்படியே இருந்தது.

"சரி, மாமாவுக்கு உரிமை இருக்கு. வேணாம்னு சொல்ற உரிமை யாருக்கு இருக்கு?"

ரோஜா யோசித்தாள். "அதையும் மாமாட்டத்தான் கேக்கணும் டீச்சர்."

மறுபடி சிரிப்பு வந்தது. இந்த முறை அது பாதியில் நின்றது. டீச்சர் சிரிக்காமல் நின்றுகொண்டே இருந்ததால் நின்றது.

"நீ என்ன கேக்குற?"

"நான் பதினொண்ணாப்பு படிக்கணும்." சட்டென்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

4

அன்று மாலை ஜீப் ஸ்டாண்ட். மைக் பெட்டிகளோடு நான் பஸ்சுக்கு நின்றேன். ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப் போன ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ரோஜாவின் அம்மா ஜக்கம்மாள் தம்பியின் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஓட்டி வந்த முத்துக்கண்ணன்தான் மாமன். பாண்டீஸ்வரி நேராகப் போனார்.

"கல்யாணப் பேச்ச நிறுத்துங்க. அவளுக்குப் பதினஞ்சு வயசு."

"டீச்சரம்மா, எங்க அக்கா மக. எனக்குள்ள உரிமை. நீங்க யாரு?"

"அவளுக்கு டீச்சரு."

ஜக்கம்மாள் குரலைத் தாழ்த்தினார். "புருசன் போன பெறகு இவன்தான் ஆத்தா எனக்கு எல்லாம். இவன் ஜீப்புலதான் மலையேறுறேன். இவன் மொகத்த முறிச்சுட்டு நான் எங்க போவேன்?"

(இந்த இடத்தில் டீச்சருக்கு ஒரு நல்ல வசனம் கொடுக்க நினைத்தேன். அவர் அப்படிப் பேசவில்லை. எனவே கொடுக்கவில்லை.)

"அதுக்கு எங்கிட்ட வழி இல்ல ஆத்தா" என்றார் பாண்டீஸ்வரி. "ஆனா பந்தக்கால் ஊனுனா, புள்ளைகளக் காப்பாத்த கவர்மெண்டு வச்சிருக்குற 1098க்கு போன் போடுவேன். யாரு சொன்னான்னு தெருத்தெருவா தேட வேணாம். நான்தான். இப்பவே சொல்லிட்டேன்."

"எங்க தெருப் பக்கம் வந்துருவீங்களா?" என்றான் முத்துக்கண்ணன்.

"வராம? நாளைக்கு வர்றேன். அவ கணக்குல வீக்கு."

யாரோ சிரித்தார்கள். முத்துக்கண்ணன் ஜீப்பை உறுமவிட்டான். அக்காளை ஏறச் சொல்லவில்லை. ஜக்கம்மாள் கூடையோடு நடந்தார். டீச்சரும் கூட நடந்தார்.

5

முடிவு ஒன்று: மாமன் மனம் மாறி, ரோஜாவுக்குப் பேனா வாங்கித் தருகிறான். (நம்பவில்லை. கிழித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக் கோயில் ஒன்றில், யாருக்கும் சொல்லாமல் (நம்புகிறேன். அதனால்தான் எழுத மாட்டேன்.)

பரீட்சை இன்னும் முடியவில்லை. பாண்டீஸ்வரி போன் போடுவாரா என்று என்னைக் கேட்காதீர்கள். போடுவார், அவருக்குத் தெரிந்தால். தெரியாமல் நடத்தத்தான் இனிப் பார்ப்பார்கள். பந்தல்காரனுக்குத் தெரியும், பூக்காரிக்குத் தெரியும். மைக் செட் கேட்டு என்னிடமும் வரலாம். கல்யாணப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வரலாம்.

முதல் பகுதியில் ரோஜா சொன்னதற்கு நீங்கள் சிரித்திருந்தால், நீங்களும் அந்த அரங்கில்தான் இருந்தீர்கள். அந்த எண் இப்போது உங்களிடமும் இருக்கிறது.