வரைபடம் பார்த்து ஓடிய மழை

அந்த வருட மழைக்காலத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு, மழைநீர் மேடு பள்ளம் பார்த்து ஓடுவதை விட்டுவிட்டு மாநகராட்சி வரைபடத்தைப் பார்த்து ஓடத் தொடங்கியது. அதுவரை வருடம் தவறாமல் கடலோர வார்டுகள் இடுப்பளவு மூழ்கும். பிரசவ ஆஸ்பத்திரியில் கட்டில்களைக் கயிறு போட்டுக் கட்டி வைப்பார்கள். அதற்கு ஒரு வழி பண்ணத்தான் வடிகால் பிரிவின் பொறியாளரம்மா இரண்டு வருடம் உட்கார்ந்து தெருவோரப் புல்வெளி, நீர் உறிஞ்சும் நடைபாதை, நாணல் குளம் என்று அந்த வரைபடத்தில் பச்சைப் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். ஒரு கூடை மண்கூட இன்னும் தோண்டவில்லை. தண்ணீருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. கடைத்தெரு மேட்டில் ஏறி, சிக்னலில் நின்று, பச்சை விழுந்ததும் இடப்பக்கம் திரும்பி, நேராகப் பொறியாளரம்மாவின் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

தப்பு அவருடையதுதான். தையல்காரரான கணவர் அனுமதி வாங்காமல் கட்டிய வீடு என்பதால் வரைபடத்தில் அந்த மனை காலியிடம். வரைபடத்தில் இல்லாததை இருப்பதாக நினைத்து அந்த அம்மாவுக்குப் பழக்கமில்லை. பத்தாம் எண் குளத்தை அங்கேயே போட்டுவிட்டார்.

ஊர் முழுக்கக் காய்ந்து கிடக்க, அவர்கள் கூடத்தில் தண்ணீர் மூன்று நாள் முழங்காலளவு நின்று, டைல்ஸ் இடுக்கு வழியாக மரியாதையாக இறங்கியது. சமையல் மேடைக்கு அடியில் நாணல் முளைத்தது. கணவர் தையல் மெஷினைக் கட்டில்மேல் ஏற்றிவைத்துப் புலம்பித் தீர்த்தார்.

"நாம இங்கதான குடியிருக்கோம்? அது உனக்குத் தெரியாதா?"

"வீட்டுல இருந்தா தெரியும். ஆபீஸ்ல தெரியாது."

"ரப்பர எடுத்து அழிச்சிட்டு வா."

அடுத்த மழை பிடித்த அன்று அவரும் அழிக்கத்தான் போனார். குளத்தில் கால்வாசி அழிவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது: பிரசவ வார்டில் தண்ணீர், எட்டுத் தொட்டில்கள் மிதக்கின்றன. பொறியாளரம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது. சொந்த வீடு யாருக்குத்தான் வேண்டாம். அழித்ததை அவசரமாகத் திரும்ப வரைந்தார். அந்த வேகத்தில் குளம் சற்றுப் பெருத்து, குளியலறையும் அதற்குள் போய்விட்டது.

விஷயத்தைக் கேட்ட கணவர், எட்டா என்று மட்டும் கேட்டார். பிறகு எழுந்து போய் வாசல் கதவை அகலத் திறந்து வைத்தார். தண்ணீர் ஊர்ச் செருப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"வரட்டும். செருப்ப மட்டும் வெளியவே விட்டுட்டு வரச் சொல்லு."

மறுநாள் பொறியாளரம்மா அதை வரைபடத்தின் ஓரத்தில் குறிப்பாக எழுதினார். அன்றிலிருந்து தண்ணீர் செருப்புகளை வாசலில் ஜோடி ஜோடியாக விட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறது. தொலைத்தவர்கள் மழை விட்டதும் வந்து மாட்டிக்கொண்டு போகிறார்கள்.