ஃபேன் போட்டால் விழும் சுவிட்ச்

என் மகளுக்கு நான்கு வயது. ஒரு நாள் காலையில் வந்து, “அம்மா, துணி மிஷின் கிச்சுகிச்சு மூட்டுது” என்றாள். பின்பக்கம் இருக்கும் வாஷிங் மிஷினில் நான் போய்க் கை வைத்துப் பார்த்தேன். கிச்சுகிச்சு இல்லை, கரண்ட். முழங்கை வரை சுரீரென்று ஏறியது.

என் கணவரிடம் சொன்னேன். “அப்பாகிட்ட சொல்லு” என்றார். இந்த வீட்டில் கரண்ட் விஷயம் எதுவானாலும் மாமனாரிடம்தான் போக வேண்டும். அவர் ஒரு தொழிற்சாலையில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே வயர் இழுத்தவர்களைப் பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டு, இந்த வீட்டு வயரிங் முழுவதையும் தானே செய்தவர். தெருவில் அவருக்கு ‘இன்ஜினியர்’ என்று பெயர். அது கிண்டல் என்பது அவருக்கு மட்டும் தெரியாது.

இன்ஜினியர் டெஸ்டரை மிஷின் மேல் வைத்தார். டெஸ்டர் மங்கலாக எரிந்தது.

“லேசாத்தான் வருது. ஒண்ணும் செய்யாது. பாப்பாவ செருப்பு போட்டுக்கிட்டுப் போகச் சொல்லு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரையும் கேட்காமல் எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன்.

அவர் மெயின் போர்டைத் திறந்தார். உள்ளே புகை படிந்த பீங்கான் ஃபியூஸ்கள். பல் டாக்டர் மாதிரி உச்சுக்கொட்டினார்.

“இந்த ஃபியூஸ் வயரத்தான் காப்பாத்தும் மேடம், ஆளக் காப்பாத்தாது. டிரிப் சுவிட்ச்னு ஒண்ணு இருக்கு. போன கரண்ட் முழுசா திரும்பி வருதான்னு பாத்துக்கிட்டே இருக்கும். கொஞ்சம் வேற வழியில போனாலும் கண்ணிமைக்கறதுக்குள்ள விழுந்து கரண்ட்ட நிறுத்திடும்.”

அதைப் போடச் சொன்னேன். மதியத்துக்குள் மாட்டிவிட்டார். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். விளக்கு எரிந்தது, ஃபிரிட்ஜ் ஓடியது, மிக்ஸி ஓடியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். மாமனார் தன் அறைக்குப் போய் ஃபேனைப் போட்டார். டப். வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மறுபடி ஏற்றினோம். மறுபடி ஃபேன். டப்.

“உன் பொட்டிக்கு என் ஃபேனக் கண்டா ஆகலயேம்மா” என்றார் என்னிடம்.

எலக்ட்ரீஷியன் அவர் அறை சுவிட்ச் போர்டைக் கழற்றினார். “ஐயா, கரண்ட் திரும்பிப் போற நியூட்ரல் வயரே இங்க வரல. எர்த் வயர்ல குடுத்திருக்கீங்க.”

“ஆமா. ஆணி அடிக்கும்போது சுவத்துக்குள்ள நியூட்ரல் அறுந்துடுச்சு. சுவர எதுக்கு உடைக்கணும்னு பச்ச வயர இழுத்துக் குடுத்தேன். பதினெட்டு வருஷமா ஓடுதுல்ல? எர்த்தும் நியூட்ரலும் ஒண்ணுதான்யா. ரெண்டும் மண்ணுக்குத்தான் போகுது.”

“மண்ணுக்கு ஒழுங்காப் போனாத்தானே ஐயா? வெளிய எர்த் குழி காஞ்சு கெடக்கு. ஃபேன் கரண்ட் போக வழியில்லாம, பச்ச வயர் போற எடத்துக்கெல்லாம் போகுது. மிஷின் பாடிக்கும் போகுது. உங்க ஃபேன் ஓடறப்பதான் அங்க ஷாக் அடிக்கும்.”

சுவரில் கொஞ்சம் உடைத்துப் புது நியூட்ரல் இழுக்க வேண்டும், எர்த் குழியைச் சரிசெய்ய வேண்டும், ஒரு நாள் வேலை என்றார்.

“என் சுவத்துல எவன் கை வைக்கறான்னு பாக்கறேன்” என்றார் மாமனார்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் மென்று விழுங்கினார். “அப்பா சொல்றதுலயும் ஒரு இது இருக்கு. நீ சொல்றதும் சரிதான்.” கல்யாணமான நாளிலிருந்து இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எலக்ட்ரீஷியன், “முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் அந்த ஃபேன் மட்டும் வேணாம்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

ஹாலிலிருந்து வயர் இழுத்து மாமனாருக்கு டேபிள் ஃபேன் வைத்தேன். அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நினைத்தபோதெல்லாம் தன் ஃபேனைத்தான் போட்டார். நான் சட்னி அரைக்கும்போது டப். கணவர் கம்ப்யூட்டரில் வேலையாக இருக்கும்போது டப். “என் வீட்டுல என் ஃபேன் ஓடக்கூடாதா?” என்பார். நான் ஓடிப்போய் ஃபேனை நிறுத்திவிட்டு, சுவிட்சை ஏற்றிவிட்டு வந்து, பாப்பாவின் நோட்டில் இரண்டு கோடு போட்டுக் காட்டுவேன். கரண்ட் இது வழியாகப் போகுது மாமா, இது வழியாகத் திரும்பணும். அவர் ம் கொட்டிக் கேட்டுக்கொள்வார். பாவம், வயதானவர், தெரியவில்லை, பொறுமையாகச் சொன்னால் புரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காம் நாள் கணவரே, “பேசாம அதக் கழட்டிடலாமா?” என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

அடுத்த இரண்டு நாள் சுவிட்ச் விழவே இல்லை. புரியவைத்துவிட்டேன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அதற்கு மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தால், மாமனார் அறையில் ஃபேன் ஜம்மென்று சுற்றிக்கொண்டிருந்தது. மெயின் போர்டுக்குப் போய், டிரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டப்பென்று விழுந்தது. ஆனால் ஹால் விளக்கு அணையவில்லை. ஃபேனும் நிற்கவில்லை. குனிந்து பார்த்தேன். சுவிட்சைத் தொடாமல், மேலிருந்து கீழே இரண்டு புது வயர்கள் போயிருந்தன. இதற்கு இவர்கள் அகராதியில் ‘டைரக்ட்’ என்று பெயர்.

“யாரு டைரக்ட் குடுத்தது?”

கணவர் தலையைச் சொறிந்தார். “அப்பாதான். நான் டார்ச் மட்டுந்தான் புடிச்சேன்.”

“டார்ச் மட்டுந்தானா? நம்ம புள்ள தொடற மிஷின்ங்க அது. அதுக்கு நீங்க வெளிச்சம் காட்டினீங்களா?”

“கத்தாத. அப்பாவுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அந்தக் காலத்து மனுஷன், விளையாட்டா செஞ்சிட்டார்.”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது. மாமனார் கட்டிலிலிருந்து பார்த்தால் பின்கதவு வழியாக மிஷின் தெரியும். நாங்கள் சண்டை போட்ட நேரத்தில் மகள் கை கழுவிவிட்டு, ஈரக் கையோடு மிஷினை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

“பாப்பா, தொடாத!”

கத்தியது மாமனார்தான். ஆனால் அவர் குழந்தையிடம் ஓடவில்லை. கட்டிலிலிருந்து எழுந்த வேகத்தில் எதிர்ச் சுவருக்குப் பாய்ந்து ஃபேன் சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகுதான் குரலே வந்தது.

நான் ஓடி மகளைத் தூக்கிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தாத்தா ஏன் திட்டினார் என்று அழுதாள்.

மாமனார் சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் நின்றார். ஃபேன் மெல்ல மெல்ல நின்றுகொண்டிருந்தது. நான் அவரைப் பார்த்தேன், என் கணவரும் பார்த்தார்.

“இல்லம்மா, அது சும்மா...” என்று இழுத்தார்.

கோடு போட்டுக் கோடு போட்டு நான் சொன்னதெல்லாம் தெரியாத மனிதருக்கு என்று நினைத்திருந்தேன். ஃபேன் ஓடினால் மிஷினில் ஷாக் அடிக்கும் என்று தெரிந்தேதான் ம் கொட்டியிருக்கிறார். தெரிந்தேதான் டைரக்ட் கொடுத்திருக்கிறார்.

மகளைக் கீழே இறக்காமலே போய் மெயினை அணைத்தேன். இருட்டிக்கொண்டு வந்த ஹாலில் நின்று எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டேன்.

“நாளைக்குக் காலையில வாங்க. சுவர உடைக்கணும்.”

மாமனார் காதில் விழும்படிதான் சொன்னேன். அவர் தன் அறையில் அந்தச் சுவர் ஓரமாக இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்து ஹாலில் வைக்க ஆரம்பித்தார்.