ஆட்டுக்குக் குரல் கொடுத்தவர்

வில்லன்களுக்குக் குரல் கொடுத்தே பேர் வாங்கியவர் இடியண்ணன். "விட மாட்டேன்டா!" என்று அவர் உறுமினால் டப்பிங் அறைக் கண்ணாடி அதிரும். அப்பேர்ப்பட்டவரை ஓர் ஆட்டுக்குக் குரல் கொடுக்கக் கூப்பிட்டார்கள். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பார்கள். அவருக்கு அன்று வேறு வேலை இல்லை, போனார்.

"வசனத் தாள் எங்கம்மா?"

"வசனமே கிடையாதுண்ணே. படம் முழுக்க யாரும் பேச மாட்டாங்க," என்றாள் இயக்குநர். அவர் மகள் வயதுகூட இருக்காது.

திரையில் கம்பளி ஒட்டிய இரண்டு ஆட்டுப் பொம்மைகள். மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வோர் அசைவையும் தனித்தனியாகப் படமெடுத்துக் கோத்திருந்தார்கள். நாள் முழுக்கப் பாடுபட்டால் ஆடு ஒரு தடவை தலை திருப்புமாம். வேலை மெனக்கெட்டு இதைச் செய்ய வளர்ந்த ஆட்களா என்று அவருக்குச் சிரிப்பு வந்தது.

"தங்கச்சி ஆட்டோட கோவிச்சுக்கிட்டு இது தனியா நிக்குதுண்ணே. அந்தக் கோபம் வேணும்."

"மே...!" என்று கத்தினார்.

"ஆடு மாதிரியே இருக்கு," என்று இழுத்தாள். "ஆனா கோவிச்சுக்கிட்ட ஆடு மாதிரி இல்ல."

இன்னொரு தடவை. மறுபடியும். எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"வாயில்லா ஜீவனுக்கு என்னம்மா நடிப்பு? ம்க்கும்!" என்று கழுத்தை வெட்டிக்கொண்டு ஹெட்போனைக் கழற்றினார்.

அவள் துள்ளி எழுந்தாள். "அந்த 'ம்க்கும்'தாண்ணே! அதேதான்! பதிவாயிடுச்சு!"

அவருக்கு உச்சந்தலை வரை எரிந்தது. "இந்தக் கூத்துல என் பேரைப் போட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

படம் வந்தபோது மனைவிதான் இழுத்துக்கொண்டு போனாள். தியேட்டர் முழுக்கப் பொடிசுகள். ஆடு முகத்தைத் திருப்பி "ம்க்கும்" என்றதும் கூரை பிய்ந்துகொண்டு போகிற சிரிப்பு.

"ஐயய்ய, என் சமையலைப் பாத்து நீங்க விடுற சத்தமாச்சே!" என்றாள் மனைவி. "இத்தனை வருஷமா எனக்கு மட்டும்தான் கேட்டுச்சு."

"பொம்மைக் கண்றாவி," என்று முனகினார். ஆனால் எழுந்து போகவில்லை.

திரையில் மழை பிடித்துக்கொண்டது. குட்டித் தங்கை தேடி வந்து பின்னால் நனைந்தபடி நின்றது. அண்ணன் ஆடு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"திரும்பித் தொலையேன்டா, சனியனே!"

தியேட்டரே அதிர்ந்தது. முன்வரிசையில் ஒரு சிறுமி இருக்கை மேல் ஏறி நின்று அவரை முறைத்தாள்.

"உஷ்! இந்தப் படத்துல யாரும் பேசக் கூடாது தாத்தா."

இடியண்ணன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் ஆட்டை விட்டு நகரவில்லை.