தோசை வண்டி நிற்கும் இடம்

முதல் அடி கோவிந்தராஜ் அடித்ததுதான். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்கப்புறம் விழுந்த அடிகளுக்கு யார் பொறுப்பு என்பதில்தான் வில்லங்கம்.

ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை ஆறரை மணி. கராடியில் ஓர் ஐடி வளாகத்தின் வாசலுக்கு எதிரே மோசஸ் தன் தோசை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் பத்து வயது மகள் கெசியாவும் கூட வந்தாள். வந்து பார்த்தால், அவன் இடத்தில் வேறொரு வண்டி நிற்கிறது. பக்கத்து டீக்கடை கோவிந்தராஜுடைய மச்சான் போஹா, அதாவது அவல் உப்புமா, விற்க நிறுத்திய வண்டி.

மூன்று மாதத்துக்கு முன்புவரை மோசஸ் ஊரின் மறுகோடியான ஹிஞ்சேவாடியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். பதினாறு வருஷ வேலை. விடியுமுன் கம்பெனி வண்டியில் ஏறினால், டிராஃபிக்கில் கிடந்து வீடு வந்து சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். போன வருஷம் அவளுக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கையைத்தான் எட்டிப் பிடித்தாள், அருகிலேயே நின்ற அப்பனை அவள் தேடவில்லை. அன்றைக்கு மோசஸ் முழங்காலில் நின்று அழுது ஜெபித்தான். பிறகு வேலையை விட்டான். இருக்கிறதை விட்டுவிட்டுப் பறக்கிறதைப் பிடிக்கப் போகிறான் என்று மனைவி பாக்கியவதி வீட்டார் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். காலையில் தோசை வியாபாரம், மதியத்துக்கு மேல் மகளுக்கு அப்பன். அதற்காகத்தான் எல்லாம்.

அந்தத் தெருவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. இரண்டு நாள் காலியாகக் கிடந்த இடத்தை மூன்றாம் நாள் எவனும் பிடிக்கலாம். தெரிந்தும் மோசஸ் பெரிய வெள்ளி, சனி, ஈஸ்டர் என்று மூன்று நாள் வண்டி எடுக்கவில்லை. எப்படி எடுப்பான்? பெரிய வெள்ளி மூன்று மணி நேர ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பேச ஏழு பேருக்குப் பங்கிட்டபோது, முதல் வார்த்தை அவனுக்கு வந்திருந்தது. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." இருபது நிமிஷம் உருகிப் பேசினான். முன்வரிசையில் கெசியா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். இடத்தைப் பார்த்துக்கொள்ளும்படி கோவிந்தராஜிடம் சொல்லிவைத்திருந்தான், மராத்தி ஊரில் நம்ம தமிழ் ஆள் என்ற நம்பிக்கையில். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை.

பணிவாகத்தான் கேட்டான். கோவிந்தராஜ் டீயை ஆற்றிக்கொண்டே, தெருச் சட்டம் உனக்கு மட்டும் தனியா என்றான். மோசஸ் போஹா வண்டியை நகர்த்தக் கை வைத்தான். பளாரென்று விழுந்தது அறை.

"பிரசங்கம் பண்றவனுக்கு ஏவாரம் எதுக்குடா? போ, போயி அந்தக் கம்பெனிக்காரன் கால்ல விழு."

கெசியா அப்பாவையே பார்த்தாள். மறு கன்னம் என்று ஒன்று இருப்பது மோசஸுக்கும் நினைவு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

வண்டியிலிருந்து இரும்புத் தோசைத் திருப்பியை எடுத்தான். முதல் வீச்சிலேயே கோவிந்தராஜின் உதடு பிளந்து பல் தெறித்தது. மச்சான் பின்னாலிருந்து கழுத்தை நெரித்தான். மோசஸ் அந்தக் கையைக் கடித்தான், வாயில் ரத்தம் உப்புக் கரிக்கும்வரை விடவில்லை. டீப் பாத்திரம் கவிழ்ந்து கோவிந்தராஜின் காலில் கொதிக்கக் கொதிக்கக் கொட்டியது. அலறி விழுந்தவன் மார்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு மோசஸ் அவன் முகத்திலேயே குத்தினான். பதினாறு வருஷம் அதிகாரிகளுக்குத் தலையாட்டிய மனுஷன் அவன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவனுக்கு அது இனித்தது.

அப்பா, போதும் என்று கெசியா கத்துவது காதில் விழத்தான் செய்தது. அவன் நிறுத்தவில்லை. யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பிப் பாராமலே முழங்கையால் ஓங்கி ஓர் இடி இடித்தான். சட்டையைப் பிடித்த கை விட்டுப்போயிற்று.

வளாகத்துக் காவலாளிகள் வந்து அவனைப் பிய்த்தெடுத்தார்கள். கோவிந்தராஜை ரிக்‌ஷாவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மச்சான் போஹா வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட்டமெடுத்தான். மோசஸ் தன் வண்டியை அந்த இடத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கல் வைத்தான். இனி இந்த இடத்தை எவனும் கேட்கமாட்டான் என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது.

அப்புறம்தான் மகள் ஞாபகம் வந்தது. நடைபாதை ஓரத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வடிந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. தான் இடித்தது யாரை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ஓடிப்போய்க் குனிந்து, துடைப்பதற்குக் கையை நீட்டினான்.

கெசியா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் செய்யலப்பா," என்றாள். "சும்மாத்தான் நின்னேன்."